மின்மைத் திரையில் தமிழ் எழுத்து வெளிறித் தெரிகிறதா? கறுப்பாக்கும் வழி

அப்பாவுக்கு வயது 73. பகலெல்லாம் படிக்கிறவர். போன வருடம் அவருக்குக் கிண்டில், கோபோ போன்ற ஒரு மின்மை (இ-இங்க்) வாசிப்புக் கருவி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் படித்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டார். "மை தீர்ந்துபோன பேனாவால் எழுதியதுபோல் இருக்கிறதப்பா" என்றார். கண்ணாடியை மாற்ற வேண்டுமோ என்று முதலில் நினைத்தோம். வெள்ளெழுத்து அவருக்கு நாற்பது வயதிலேயே வந்துவிட்டது. ஆனால் அதே கண்ணாடியோடு நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுகிறார். ஆகவே குறை கண்ணில் இல்லை. எழுத்து திரையில் விழுந்த விதத்தில் இருந்தது. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. இதே காரணத்தால் கருவியை அலமாரியில் போட்டுவைத்திருப்பவர்களுக்காக, செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மின்மைத் திரைக்குள் தலைமயிரின் பருமன் அளவே உள்ள நுண்குமிழ்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்புலம் மாறும்போது ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்த நிறத்தைத்தான் நாம் பார்க்கிறோம். இந்தத் திரையின் வெண்மை, நல்ல புத்தகத் தாளின் வெண்மை அல்ல. நாளிதழ்த் தாளைப்போலச் சற்றுச் சாம்பல் பூத்தது. அதை எந்த அமைப்பாலும் வெளுக்க முடியாது. நம் கையில் இருப்பது எழுத்தின் கறுப்பு ஒன்றுதான்.

அந்தக் கறுப்பு ஏன் குறைகிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஓர் அங்குலத்துக்கு 167 பிக்சல் (படத்தை ஆக்கும் நுண்கட்டம்) கொண்ட திரையில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.15 மி.மீ. மெல்லிய எழுத்துருவில் ஒரு கோட்டின் பருமன் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோடு ஒரு பிக்சலை முழுமையாக நிரப்பாது. மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்பும். கருவி என்ன செய்யும்? தன்னிடம் உள்ள 16 சாம்பல் படிகளில் நடுத்தரமான ஒன்றை அந்தப் பிக்சலுக்குப் பூசிவிடும். கறுப்பாக இருக்க வேண்டிய கோடு இப்படித்தான் சாம்பலாகிறது. 300 பிக்சல் திரையில் ஒரு பிக்சல் 0.085 மி.மீ. மட்டுமே என்பதால் அதே கோடு ஒரு பிக்சலை நிரப்பி, கறுப்பாகவே விழ வாய்ப்பு அதிகம். அடிப்படைக் கிண்டில் 2022-இல்தான் 300-க்கு வந்தது. அதற்கு மேல்நிலை மாதிரியான பேப்பர்வைட் 2015 முதலே 300. உங்களிடம் இருப்பது பழைய கருவி என்றால், கீழே வரும் இரண்டாம், மூன்றாம் படிகளை விடாமல் செய்யுங்கள்.

சுருக்கமாக, கோட்டைத் தடிப்பாக்கினால் சாம்பல் கறுப்பாகும். பலர் முதலில் கான்ட்ராஸ்ட் (கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டுவது) என்ற அமைப்பைத் தேடிப் போகிறார்கள். கிண்டிலிலும் கோபோவிலும் சாதாரண மின்னூலுக்கு அப்படி ஓர் அமைப்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எழுத்தின் தடிமனில் கை வையுங்கள்.

1. வெளிச்சம்

இந்தத் திரை காகிதம்போல, மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பகலில் ஜன்னலோரம், இரவில் தோளுக்குப் பின்னால் விளக்கு. இதற்கு ஈடான வேறொன்று இல்லை. கருவியில் உள்ள விளக்கு, கைபேசியைப்போலத் திரைக்குப் பின்னால் எரிவதல்ல. ஓரத்திலிருந்து திரையின் மேற்பரப்பில் பரவுவது. அறை இருட்டாக இருக்கும்போது மட்டும் தேவையான அளவு கூட்டுங்கள்.

திரைமேல் சொரசொரப்பான பாதுகாப்பு ஒட்டி ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். அது ஒளியைச் சிதறடித்து எழுத்தின் விளிம்பை மழுங்கச் செய்கிறது. வண்ண மின்மைத் திரை வைத்திருப்பவர்களுக்கு விளக்கு கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும். வண்ணத்துக்காக மேலே வைத்திருக்கும் வடிகட்டி, ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். கதையும் கட்டுரையும் மட்டும் படிப்பவர் கறுப்பு வெள்ளைத் திரையையே வாங்கலாம் என்பது என் கருத்து.

2. தடிமன்

கிண்டிலில் ஒரு நூலைத் திறந்து, பக்கத்தின் மேற்பகுதியைத் தொடுங்கள். ஆங்கில 'ஏ' எழுத்து பெரிதும் சிறிதுமாக நிற்கும் பொத்தான் தெரியும். அதற்குள் ஃபாண்ட் என்ற பிரிவில் போல்ட்னஸ் (தடிமன்) என்று நகர்த்திக் கூட்டும் ஒரு கோடு இருக்கும். ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கடைசிக்குப் போகாதீர்கள்.

தமிழ் எழுத்துக்கு இதில் ஓர் எல்லை உண்டு. நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். இருசுழி 'ன'வையும் முச்சுழி 'ண'வையும் பிரித்துக் காட்டுவது அந்தச் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை இடம்தான். தடிமன் கூடக்கூட அந்த வெள்ளை அடைபடுகிறது. 'மணம்', 'மனம்' என்ற இரண்டு சொற்களும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், ஒரு படி பின்வாங்குங்கள். மறுபக்கம், எழுத்து மெலிதாக இருந்தால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'கல்' என்பதைக் 'கல' என்று வாசித்துவிட்டுத் தடுமாறுவோம்.

ஆகவே, நீங்கள் படிக்கும் நூலில் புள்ளியும் ணகரமும் நிறைந்த ஒரு பத்தியைத் தேர்ந்துகொண்டு, புள்ளி தெளிவாகத் தெரிந்து சுழியும் அடைபடாத இடத்தில் நிறுத்துங்கள். அப்பாவின் கருவியில் இந்த இடம் நடுவுக்குச் சற்றுக் கீழே அமைந்தது. உங்களுக்கு வேறாக இருக்கலாம், எழுத்துருவைப் பொறுத்தது.

3. எழுத்துருவை மாற்றுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய மாற்றம் கிடைத்தது இங்கேதான். கோடுகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும் எழுத்துரு அச்சில் அழகு. ஆனால் மின்மைத் திரையில் அந்த மெலிந்த பகுதிதான் சாம்பலாகி மறைகிறது. முழுக்க ஒரே பருமனில் ஓடும் எழுத்துரு வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை மூன்றும் இலவசம். மூன்றுமே கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் கிடைக்கின்றன. நான் நோட்டோ சான்ஸ் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். அதில் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது பருமன்கள் உண்டு.

பதிவிறக்கிய சுருக்கக் கோப்பை விரித்தால் இரண்டு வகைக் கோப்புகள் இருக்கும். எல்லாப் பருமனையும் ஒரே கோப்பில் அடக்கியது ஒன்று. ஸ்டாட்டிக் என்ற கோப்புறைக்குள் பருமனுக்கு ஒன்றாகத் தனித்தனியே இருப்பவை இன்னொன்று. தனிக் கோப்புகளையே எடுங்கள். வாசிப்புக் கருவிகள் அவற்றைத்தான் சிக்கலில்லாமல் ஏற்கின்றன. அவற்றுள் ரெகுலர் வேண்டாம், மீடியம் என்ற பெயருள்ளதை எடுங்கள். தடிமன் கோட்டை நகர்த்தாமலே எழுத்து ஒரு படி கறுத்துவிடும். வடிவமைப்பாளரே சுழிகளுக்கு இடம் விட்டு வரைந்த தடிமன் என்பதால், கருவி செயற்கையாகத் தடிப்பாக்குவதைவிட இது நன்றாக இருக்கிறது.

இனி ஏற்றும் முறை. கருவியை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணையுங்கள். கிண்டிலில் ஃபாண்ட்ஸ் என்ற கோப்புறை ஏற்கெனவே இருக்கும். கோபோவில் இல்லையென்றால் அதே பெயரில், சிறிய ஆங்கில எழுத்துகளில், நீங்களே உருவாக்குங்கள். வேறு எந்தக் கோப்புறைக்குள்ளும் வைக்காமல் வெளியிலேயே வையுங்கள். எழுத்துருக் கோப்பை அதில் இட்டு, கம்பியை முறைப்படி விடுவியுங்கள். நூலைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பார்த்தால் புதியது வந்திருக்கும்.

ஏற்றியதும் 'கொடுக்கிறோம்', 'கெளுத்தி' போன்ற சொற்களைக் கவனியுங்கள். கொம்பு தன் இடத்தில் நிற்காமல் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், கருவியில் உள்ள வாசிப்புச் செயலிக்குத் தமிழ் எழுத்தின் பகுதிகளைச் சரியான இடத்தில் சேர்த்துக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது. கோபோ, பாக்கெட்புக், ஆண்ட்ராய்டு கருவிகளில் கோரீடர் என்ற கட்டற்ற செயலியை நிறுவிப் பாருங்கள். தமிழை ஒழுங்காகக் கோக்கிறது. எழுத்தின் தடிமனையும் கறுப்பையும் கூட்டும் அமைப்புகளும் அதன் கீழ்ப்பட்டியலில் இருக்கின்றன.

4. அளவு, இடைவெளி

எழுத்தை ஒரு படி பெரிதாக்கினால் கோடும் தடிக்கும் என்பதால் இதுவும் கறுப்பைக் கூட்டும் வேலைதான். ஆனால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆறு அங்குலத் திரையில் அளவை மிகவும் கூட்டினால் ஒரு வரியில் மூன்று சொல்தான் நிற்கும். இருபுறமும் சமமாக வெட்டும் ஒழுங்கமைவு இருந்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இடப்பக்க ஒழுங்கமைவுக்கு மாறுங்கள், ஓரத்தைக் குறையுங்கள். வரி இடைவெளியை ஒரு படி கூட்டுங்கள். மேல்வரி 'கு'வின் வாலும் கீழ்வரி 'கி'யின் கொண்டையும் முட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

5. முந்தைய பக்கத்தின் நிழல்

சில பக்கங்கள் திருப்பியபின், முன் பக்க எழுத்தின் நிழல் பின்னணியில் மங்கலாகத் தங்கும். துகள்கள் முழுமையாக இடம் மாறாததால் வருவது இது. பின்னணி அழுக்கானால் கறுப்பும் எடுபடாது. கிண்டிலில் செட்டிங்ஸ், ரீடிங் ஆப்ஷன்ஸ், பேஜ் ரிஃப்ரெஷ் என்று போய் இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் திரை ஒருமுறை முழுதாகக் கறுத்து வெளுத்துத் துடைக்கப்படும். கோபோவில் எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை என்று நாமே சொல்லலாம். மின்கலம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். கண் சிமிட்டுவதுபோன்ற அந்த வெட்டு உறுத்தினால் கோபோவில் ஆறு பக்கத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள்.

6. நூலிலேயே குறை இருந்தால்

ஒரு நூல் நன்றாகவும் இன்னொன்று வெளிறியும் தெரிந்தால், மின்னூலைச் செய்தவர் எழுத்துக்குக் கறுப்புக்குப் பதில் அடர்சாம்பல் நிறம் கொடுத்திருப்பார். கைபேசியில் அது கண்ணுக்கு இதம், மின்மையில் வெளிறல். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு (டிஆர்எம்) இல்லாத நூல்களுக்கு காலிபர் என்ற இலவச மென்பொருளில் தீர்வு இருக்கிறது. நூலைச் சேர்த்து, கன்வர்ட் புக்ஸ் பொத்தானை அழுத்தி, லுக் அண்ட் ஃபீல் பகுதிக்குப் போங்கள். அதில் ஃபில்டர் ஸ்டைல் இன்ஃபர்மேஷன் என்ற தாவலில் கலர்ஸ், ஃபாண்ட்ஸ் இரண்டையும் தேர்வு செய்து மாற்றுங்கள். நூலுக்குள் இருந்த நிறமும் எழுத்துருக் கட்டளையும் நீங்கி, கருவியின் கறுப்பும் நீங்கள் ஏற்றிய எழுத்துருவும் ஆட்சிக்கு வரும்.

7. பிடிஎஃப், குறிப்பாகப் பழைய நூல்களின் ஸ்கேன்

ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. ஆறு அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 90 மி.மீ. முழுப் பக்கத்தையும் அதில் அடக்கினால் 12 புள்ளி (பாயிண்ட் என்ற அச்சளவு) எழுத்து 5 புள்ளியாகச் சுருங்கும். மருந்துச் சீட்டின் பொடி எழுத்துதான் அது. கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பினாலே 7 புள்ளிக்கு வந்துவிடும். முடிந்தவரை பிடிஎஃப்பைத் தவிர்த்து மின்னூல் வடிவையே தேடுங்கள். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் பல நூல்களுக்கு மின்னூல் வடிவோடு ஆறு அங்குலத் திரைக்கென்றே செய்த பிடிஎஃப்பும் தருகிறார்கள். அந்தத் தன்னார்வலர்கள் செய்துவைத்திருக்கும் உதவி இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் நூல்களுக்கு வேறு வழியில்லை, துலக்கித்தான் ஆக வேண்டும். மஞ்சளடித்த தாளை அப்படியே படம் பிடித்திருப்பார்கள். மின்மைத் திரையில் அந்த மஞ்சள் சாம்பலாகிவிடும். சாம்பல் தாளில் சாம்பல் எழுத்து. ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே உள்ளது. பிடிஎஃப்பின் பக்கங்களை முதலில் படங்களாகப் பிரித்து அதில் திறக்க வேண்டும். திசை திருத்தல், பக்கம் பிரித்தல், சாய்வு நிமிர்த்தல், எழுத்துப் பகுதியைத் தேர்தல், ஓரம் வைத்தல், வெளியீடு என்று ஆறு கட்டங்கள். முதல் ஐந்தையும் மென்பொருளே பெரும்பாலும் சரியாகச் செய்துவிடும்.

ஆறாவதில் நாம் உட்கார வேண்டும். கறுப்பு வெள்ளை முறையைத் தேர்ந்தெடுத்தால் தாளின் மஞ்சள் முழுதும் போய்விடும். மெல்லிய, தடித்த என்று இரு முனை கொண்ட கோட்டைத் தடித்த பக்கம் சற்றே நகர்த்துங்கள். அதற்குக் கீழே தூசுப்புள்ளிகளை நீக்கும் அமைப்பு இருக்கும். அதைக் கடுமையான நிலையில் வைக்காதீர்கள். தாத்தாவின் பழைய வைத்திய நூல் ஒன்றை அப்பாவுக்காகத் துலக்கும்போது நான் அதைத்தான் செய்தேன். தாள் பளிச்சென்று வந்தது. ஆனால் தேய்ந்த அச்சில் மெய்யெழுத்துகளின் புள்ளிகளையும் தூசு என்று எண்ணி அது துடைத்துவிட்டது. 'மிளகு, சுக்கு' என்ற வரியில் 'சுக்கு' 'சுககு' ஆகியிருந்தது. இருநூறு பக்கத்தையும் திரும்பச் செய்தேன். நீங்கள் ஒரே ஒரு பக்கத்தை வெளியிட்டு, கருவியில் ஏற்றி, புள்ளிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒரு வரியை விரல்வைத்துப் படித்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு முழு நூலையும் ஓட்டுங்கள்.