நம்ம எம்பி டெக்னாலஜி விஷயத்துல பார்லிமென்ட்ல என்ன கேட்டாருன்னு நாமளே தேடிப் பாக்குறது எப்படி (கடலூர், பாண்டிக்காரங்களுக்கு)

எலெக்‌ஷன் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு விதமா வீடியோ சுத்த ஆரம்பிச்சிடும், ஒண்ணு மியூசிக் போட்டு "கர்ஜித்தார்"னு வர்ற கிளிப், இன்னொண்ணு "இவரு அங்க போயி வாயே தொறக்கல"ன்னு திட்டு. ரெண்டையும் வச்சு ஒரு முடிவுக்கு வராதீங்க. மந்திரியா இல்லாம பின்வரிசையில உக்காந்திருக்கற ஒரு எம்பி ஆதார், ஆப், ஆன்லைன் ரம்மி, செல்போன் டவர்னு நம்மள நேரடியா தொடுற விஷயத்துல என்ன பண்ணாருன்னு பாக்கணும்னா அவரு பேசுனத விட எழுதிக் கேட்டதைத்தான் தேடணும். அது பப்ளிக்கா கெடக்கு, காசு கெடையாது, லாகின் கெடையாது, ஒரு சாயங்காலம் உக்காந்தா போதும்.

முதல்ல உங்க எம்பி யாருன்னு சரியா தெரிஞ்சுக்கங்க. கடலூர் மாவட்டம் ஒரே தொகுதி இல்ல. கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, நெய்வேலி, விருத்தாசலம், திட்டக்குடி இதெல்லாம் கடலூர் எம்பி தொகுதி, 2024ல ஜெயிச்சது காங்கிரஸ் விஷ்ணு பிரசாத். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் ஆளுங்களுக்கு சிதம்பரம் தொகுதி, அங்க திருமாவளவன். அவரு கட்சித் தலைவர்தான், ஆனா விசிகவுக்கு 2024ல கெடைச்சது ரெண்டே எம்பி, அதனால பேசுற நேரம்னு வரும்போது அவரும் சின்ன கட்சிக்காரர் கணக்குதான். பாண்டிக்கு லோக்சபால ஒரே சீட்டு, 2019லயும் 2024லயும் வைத்திலிங்கம், காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாத்துக்கும் சேத்து அவரு ஒருத்தர்தான். அதோட பாண்டிக்கு ராஜ்யசபாலயும் ஒரு எம்பி உண்டு, நிறைய பேரு அவரை மறந்துடுறோம், அவரு கேட்ட கேள்வியையும் சேத்துத் தேடுங்க.

இப்ப பார்லிமென்ட்டோட சொந்த சைட்டான சன்சத் டாட் இன் (sansad.in) போங்க. லோக்சபா, ராஜ்யசபா ரெண்டுக்கும் தனித்தனி பக்கம் இருக்கும், அதுல கேள்வி பதில் பகுதியில எம்பி பேரு, அமைச்சகம், கூட்டத்தொடர் வச்சு வடிகட்டலாம். இப்ப நடக்குறது 18வது லோக்சபா, 2019லேருந்து 24 வரைக்கும் 17வது, பழசு வேணும்னா அந்த நம்பரை மாத்தணும், இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு காட்டும், நாமளும் "பாரு ஒரு கேள்வி கூட கேக்கல"ன்னு முடிவு கட்டிடுவோம். பேரு டைப் பண்ணும்போதும் கவனம், திருமாவளவன் பேர்ல 'மா'வுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு ஏ போட்டிருப்பாங்க, அதனால லிஸ்ட்லேருந்து தொகுதியைப் பாத்து எடுக்குறதுதான் சேஃப்.

அடுத்து சொல்றதுதான் ரொம்ப முக்கியம். டெக்னாலஜின்னதும் எல்லாரும் எலெக்ட்ரானிக்ஸ் ஐடி அமைச்சகத்தை மட்டும் செலக்ட் பண்ணித் தேடுவாங்க, அங்க ரெண்டு மூணு கேள்விதான் வரும். நம்ம ஊரு ஜனங்க வாழ்க்கையில டெக்னாலஜி நுழையுற வாசலே வேற. மீன்பிடி படகுல வைக்கிற டிரான்ஸ்பாண்டர் (படகு எங்க இருக்குன்னு காட்டி தகவல் அனுப்புற கருவி) இருக்கே, ஒரு லட்சம் படகுக்கு 364 கோடியில 2024ல ஆரம்பிச்ச திட்டம், தேவனாம்பட்டினத்து ஆளுங்களுக்கு வந்துச்சா, வந்தது வேலை செய்யுதாங்கறது மீன்வள அமைச்சகத்துல இருக்கும். நூறு நாள் வேலைக்கு ஆப்ல போட்டோ எடுத்து வருகை போடுறத 2023 ஜனவரியிலேருந்து எல்லா இடத்துலயும் கட்டாயம் ஆக்கினாங்க, அது ஊரக வளர்ச்சி. அங்கன்வாடியில சத்துமாவு வாங்க தாயோட முகத்தை செல்போன்ல ஸ்கேன் பண்றது பெண்கள் குழந்தைகள் நலம். டிஜிட்டல் அரெஸ்ட்னு மிரட்டி பணம் பிடுங்குறது, சைபர் மோசடிக்குப் புகார் சொல்ற 1930 ஹெல்ப்லைன், இதெல்லாம் உள்துறை. யுபிஐ மோசடி நிதி. ஸ்விக்கி சொமாட்டோ ஓட்டுற பசங்க விஷயம் தொழிலாளர் துறை. டவர் சிக்னல் தொலைத்தொடர்பு.

பாண்டிக்காரங்களுக்கு இன்னும் ஒண்ணு இருக்கு. ரேஷன் அரிசிக்குப் பதிலா பேங்க் அக்கவுண்ட்ல பணம் போடுற திட்டத்தை 2015 செப்டம்பர்ல சண்டிகரோட சேத்து நம்ம ஊர்லதான் ஆரம்பிச்சாங்க, ஆதார், அக்கவுண்ட், லிங்க்னு வயசானவங்க எவ்ளோ அலைஞ்சாங்கன்னு வில்லியனூர் பாகூர் பக்கம் யார கேட்டாலும் சொல்வாங்க. அது பத்தின கேள்வி பதில் உணவு மற்றும் பொது விநியோக அமைச்சகத்துலதான் இருக்கும், ஐடி அமைச்சகத்துல தேடுனா கெடைக்காது. அதனால அமைச்சகத்தை காலியா விட்டுட்டு எம்பி பேரை மட்டும் போட்டு மொத்த லிஸ்ட்டையும் எறக்கி தலைப்பை ஒண்ணொண்ணா பாருங்க. ஆப், போர்ட்டல், டிஜிட்டல், ஆன்லைன், ஆதார், டிபிடி (அக்கவுண்ட்ல நேரடியா பணம் போடுறது), டவர், சைபர் இந்த மாதிரி வார்த்தை வர்றதெல்லாம் தனியா எடுத்து வச்சிக்கங்க.

பிடிஎஃப் தொறந்தா எப்படிப் படிக்கணும்னு சொல்றேன். கேள்வி ஏ, பி, சி, டின்னு பிரிச்சிருக்கும். 'ஏ'ல "இப்படி ஒரு பிரச்சினை அரசுக்குத் தெரியுமா", 'பி'ல "தெரியும்னா விவரம் என்ன, மாநில வாரியா குடுங்க", 'சி'ல "இல்லன்னா ஏன் இல்ல", 'டி'ல "என்ன நடவடிக்கை எடுத்தீங்க". கீழ பதில்ல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா இருந்தா நல்லது. பல நேரம் "ஏ முதல் டி வரை"ன்னு ஒண்ணா கட்டி ரெண்டு பக்கத்துக்கு திட்டத்தோட பெருமையை எழுதியிருப்பாங்க. அப்ப ஒரு பென்சிலை எடுத்துட்டு ஒவ்வொரு எழுத்துக்கும் பதில் எங்கன்னு டிக் அடிச்சிட்டே வாங்க, டிக் விழாத எழுத்துதான் அரசு தவிர்த்த இடம். பெரும்பாலும் அது எண்ணிக்கை கேட்ட 'பி' பகுதியாத்தான் இருக்கும். மாநில வாரி அட்டவணை இருந்தா தமிழ்நாடு வரியோட நிக்காம புதுச்சேரி வரியையும் பாருங்க, அது ரொம்ப கீழ யூனியன் பிரதேசத்தோட இருக்கும். எம்பி நல்லா கேட்டாரா இல்லையாங்கறதும் இங்கயே தெரிஞ்சிடும். "டிஜிட்டல் இந்தியா திட்டத்தின் விவரம் என்ன"ன்னு கேக்குறது பிரஸ் ரிலீஸ் வாங்குற கேள்வி. "முகம் ஒத்துப்போகாததால எத்தனை பேருக்கு சத்துமாவு நின்னுச்சு, மாவட்ட வாரியா சொல்லுங்க"ன்னு கேக்குறதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியில நட்சத்திரம் போட்டது, போடாததுன்னு ரெண்டு வகை. நட்சத்திரக் கேள்வி ஒரு நாளைக்கு 20, அதுக்கு மந்திரி சபையில நேர்ல பதில் சொல்லணும், கேட்டவரு துணைக்கேள்வியும் கேக்கலாம், ஆனா யாரோடது வரும்னு குலுக்கல்தான், வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் சில கேள்விதான் தாண்டும். லோக்சபால நட்சத்திரம் இல்லாதது ஒரு நாளைக்கு 230 வரைக்கும் போகும், அதுக்கு எழுத்துலதான் பதில். ஒரே கேள்வியை நாலஞ்சு எம்பி கேட்டிருந்தா பேரை ஒண்ணா கோத்துடுவாங்க.

பதில்ல "தகவல் சேகரிக்கப்படுகிறது", "பரிசீலனையில் உள்ளது" இந்த மாதிரி வரி கண்ணுல பட்டா விட்டுடாதீங்க. அது சும்மா வார்த்தை இல்ல, சபைக்குக் குடுத்த உறுதிமொழியா கணக்கு வைப்பாங்க, மூணு மாசத்துக்குள்ள நெறவேத்தணும், அதைக் கண்காணிக்க உறுதிமொழிக் குழுன்னு தனியா ஒரு கமிட்டியே இருக்கு. தேதியைக் குறிச்சு வச்சிக்கிட்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி பாருங்க, என்னைக் கேட்டா இந்த ஒரு பழக்கம் பத்து கிளிப் பாக்குறதுக்கு சமம்.

பேச்சுக்கு வருவோம். விவாதப் பகுதியில தேதி வாரியா முழு பதிவும் இருக்கு, ஆனா தமிழ்ல தேடுனா வராது, நம்ம எம்பி தமிழ்ல பேசியிருந்தாலும் அச்சுல இங்கிலீஷ் மொழிபெயர்ப்புதான் இருக்கும், பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி போட்டு தமிழ்ல பேசுனதுன்னு கீழ சொல்லியிருப்பாங்க. அவரு சொன்ன அதே வார்த்தை வேணும்னா அந்தத் தேதிக்கு சன்சத் டிவி யூடியூப் வீடியோவைப் போயி பாருங்க. விதி 377னு ஒண்ணு இருக்கு, தொகுதிப் பிரச்சினையை சுருக்கமா எழுதி வைக்கிறது, அதுக்கு மந்திரியோட பதில் பின்னாடி கடிதமா எம்பிக்குத்தான் போகும், அதை எம்பி ஆபீஸ்ல காப்பி கேட்டு வாங்கணும். தைரியமா கேளுங்க, நம்ம ஊரு விஷயத்துக்கு வந்த பதில்தானே.

மசோதா விவாதத்துல ஒருத்தர் பேசலைன்னா உடனே கோவப்படாதீங்க, அன்னிக்கு சபை எப்படி நடந்துச்சுன்னு பாருங்க. நேரத்தை கட்சி பலத்தை வச்சு பிரிப்பாங்க, பின்வரிசைக்கு வந்து சேரும்போது கொஞ்ச நிமிஷம்தான் மிஞ்சும். ஆன்லைன் கேமிங் மசோதாவை 2025 ஆகஸ்ட் 20ந்தேதி லோக்சபால வச்சாங்க, அன்னிக்கே அமளிக்கு நடுவுல பாஸ் ஆச்சு, மறுநாள் ராஜ்யசபா. ரம்மியில காசு போயி உயிரை விட்ட குடும்பம் இருக்கற ஊரு நம்மளோடது, அதைப் பத்தி நம்ம எம்பி பேசியிருக்கணும்னு தோணும்தான், ஆனா பேச வாய்ப்பே வராத நாளைக் கணக்குல வச்சு ஒருத்தரை எடை போடுறது நியாயம் இல்ல. டேட்டா பாதுகாப்பு சட்டமும் 2023 ஆகஸ்ட் 7 லோக்சபா, 9 ராஜ்யசபான்னு ரெண்டு நாள் இடைவெளியில முடிஞ்சு போச்சு. ஓட்டை வச்சும் கண்டுபிடிக்க முடியாது, குரல் வாக்கெடுப்புல யாரு என்ன சொன்னாங்கன்னு பேரே பதிவாகாது, கொறடா உத்தரவு இருந்தா கட்சியை மீறவும் முடியாது.

பின்வரிசை ஆளு கேட்டு என்ன ஆகப்போவுதுன்னு நெனைக்கிறவங்களுக்கு 66ஏ கதையைச் சொல்றேன். இன்டர்நெட்ல புண்படுத்துற மாதிரி எதையாவது அனுப்புனா ஜெயில்னு சொன்ன அந்தப் பிரிவை ஐடி சட்டத்துல 2008 டிசம்பர்ல லோக்சபால விவாதமே இல்லாம சேத்தாங்க. 2012 அக்டோபர் கடைசியில பாண்டியில சின்னதா தொழில் பண்ற ஒருத்தரை ட்வீட் போட்டதுக்காக இதே பிரிவுல போலீஸ் கைது பண்ணுச்சு, நாடு முழுக்க பேசுனாங்க. அந்த வருஷம் மே மாசமே கேரளாவிலேருந்து வந்த ராஜ்யசபா எம்பி பி.ராஜீவ் இன்டர்நெட் கம்பெனிகளுக்கான 2011 ஐடி விதிகளை ரத்து பண்ணனும்னு தீர்மானம் கொண்டுவந்து தோத்திருந்தாரு, டிசம்பர்ல 66ஏவை மாத்தணும்னு தனிநபர் தீர்மானம் (மந்திரியா இல்லாத எம்பி தானே கொண்டுவர்றது) கொண்டுவந்தாரு. சபையில ஜெயிக்கல. 2015 மார்ச் 24ந்தேதி சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே தூக்கிடுச்சு. அது கோர்ட் பண்ணதுதான், ஆனா சட்டம் வந்தப்ப நடக்காத விவாதத்தை சபைக்குள்ள கொண்டுவந்தது ஒரு பின்வரிசை எம்பி. நம்ம பக்கத்துலயும் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர் உரிமை மசோதா 2015 ஏப்ரல்ல ராஜ்யசபால பாஸ் ஆச்சு, 1970க்கு அப்புறம் ஒரு தனிநபர் மசோதா கூட சட்டம் ஆனதில்லங்கற நிலைமையில அது பெரிய விஷயம். ஆபீஸ் நேரம் முடிஞ்சப்புறம் வர்ற போனை எடுக்காம இருக்க உரிமை வேணும்னு சுப்ரியா சுலே கொண்டுவந்த மசோதாவும் இந்த வகைதான். எம்பி பக்கத்துல தனிநபர் மசோதான்னு ஒரு லிஸ்ட் இருக்கும், பாத்துடுங்க.

பிஆர்எஸ்னு பார்லிமென்ட் வேலையை ஆராயுற அமைப்போட சைட்ல வருகை, கேள்வி எண்ணிக்கை எல்லாம் ஒரே பக்கத்துல வரும், ஆரம்பிக்க வசதி, அதோட நின்னுடாதீங்க, கோத்து விட்ட கேள்வியும் அங்க ஒண்ணுதான், உக்காந்து யோசிச்சுக் கேட்டதும் ஒண்ணுதான். நிலைக்குழு (ஒவ்வொரு துறையையும் ஆராய ரெண்டு சபை எம்பிக்களும் இருக்கற கமிட்டி) வேலை அந்த எண்ணிக்கையில வராது. தகவல் தொடர்பு ஐடி நிலைக்குழுவுல 31 பேரு, கூட்டம் மூடின கதவுக்குள்ள நடக்கும், ஆனா அறிக்கையோட கடைசியில எந்தக் கூட்டத்துக்கு யாரு வந்தாங்கன்னு பேரு போட்டிருக்கும். இன்டர்நெட்டை நிறுத்துறது பத்தி 2021 டிசம்பர்ல குடுத்த அறிக்கையை எடுத்து ஒரு தடவை பாருங்க, எப்படி இருக்கும்னு புரிஞ்சிடும்.

எல்லாம் எடுத்து வச்சப்புறம் எம்பிக்கு எழுதுங்க. கேள்விக்கு குறைஞ்சது 15 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், அதனால கூட்டத்தொடர் தேதி அறிவிச்ச உடனே போயிடணும், தொடங்குனப்புறம் போனா லேட். மாண்புமிகுன்னு ரெண்டு பக்கம் எழுதாம, "ஐயா, இந்தத் தேதியில இந்த நம்பர் கேள்விக்கு வந்த பதில்ல பி பகுதிக்கு விவரம் இல்ல, எங்க ஊர்ல நிலைமை இது, இதைக் கேக்கணும்"னு அரைப் பக்கம் போதும். கேள்வியை நீங்களே 150 வார்த்தைக்குள்ள ஏ, பி, சின்னு பிரிச்சு எழுதிக் குடுங்க, எந்த அமைச்சகத்துக்குன்னும் மேல போடுங்க, தப்பான அமைச்சகத்துக்குப் போனா அங்கேருந்து மாத்தி விடுறதுக்குள்ள நாள் ஓடிடும். மெயில்ல ஒண்ணு, தொகுதி ஆபீஸ்ல கையில ஒண்ணு, பழைய பதிலோட பிரிண்ட் கூட இணைச்சு.