வீட்டுக் கிணற்றில் மழைநீரைச் சுத்தமாகச் சேர்ப்பது எப்படி?

சென்னையின் பழைய குடியிருப்புகளில் பல வீடுகளின் பின்கட்டில் இன்னும் உறைக் கிணறுகள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு சிலர் அவற்றைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள்; சிலர் கட்டடக் கழிவைக் கொட்டித் தூர்த்தே விட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படியொரு கிணறு மிஞ்சியிருந்தால் தயவுசெய்து அதைத் தூர்க்க வேண்டாம். மாடியில் விழும் மழையை நிலத்தடிக்கு அனுப்ப அதைவிட நல்ல வழி ஒரு வீட்டுக்குக் கிடைக்காது.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஆண்டுக்கு 1,12,000 லிட்டர் சேரும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்பது முறை வந்து ஊற்றும் நீர் அது. 2019 கோடையில் லாரிக்காகக் குடங்களோடு காத்திருந்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை தெரியும்.

ஆனால் நீரின் அளவை மட்டும் பார்த்து வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. வடிகட்டாத மாடித் தண்ணீர் பறவை எச்சத்தையும் சருகையும் சேர்த்தே கிணற்றுக்குள் கொண்டுபோகும்; கிணற்றில் கலந்த அழுக்கு உங்கள் வீட்டோடு நிற்காது, பக்கத்து வீட்டு ஊற்றுக்கும் போகும். ஆகவே முதலில் கிணற்றைச் சுற்றிப் பாருங்கள். கழிவுநீர்த் தொட்டி குறைந்தது 15 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அதற்கு இடமில்லாத மனையாக இருந்தால் தொட்டியில் கசிவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, கிணற்று நீரைக் குடிக்கப் பயன்படுத்தாமல் இருப்பதே சரி. கைப்பிடிச் சுவரில் விரிசல் இருந்தால் பூசி அடைத்து, தரையில் ஓடும் நீர் உள்ளே இறங்காதபடி சுற்றிலும் சிமெண்ட் தளம் போடுங்கள்.

தூர் வாரும் வேலையைப் பழக்கமுள்ள ஆட்களிடம் விட்டுவிடுங்கள். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் விஷவாயு தேங்கியிருக்கும். முதலில் இறங்கியவரைக் காப்பாற்றப் பின்னால் இறங்கியவரும் உயிரிழந்த செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். மூடியை அகற்றிக் காற்றோட்டம் ஏற்படுத்தி, வாயுச் சோதனையும் இடுப்புக் கயிறும் மேலே துணைக்கு ஆளும் இல்லாமல் எவரையும் இறங்கவிடாதீர்கள். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது.

மாடியிலிருந்து இறங்கும் 4 அங்குலக் குழாய்களை ஒன்றாக இணைத்து, கிணற்றுக்கு அருகே ஏறக்குறைய மூன்றடி நீள, அகல, ஆழமுள்ள வடிகட்டித் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். அடியில் கூழாங்கல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெருமணல் என்று பரப்பி, ஜல்லிக்கும் மணலுக்கும் இடையே நைலான் வலை விரித்தால் பின்னாளில் மணலை மட்டும் அள்ளிக் கழுவ வசதியாக இருக்கும். மேலே அரையடி காலியாக இருக்கட்டும். மணிக்கு 50 மில்லிமீட்டர் என்று மழை அடித்தால் 100 சதுர மீட்டர் மாடியிலிருந்து 5,000 லிட்டர் ஒரு மணி நேரத்தில் வந்து விழும். மிஞ்சியது வழிந்தோட ஒரு குழாய் இல்லாவிட்டால் வாசலெல்லாம் வெள்ளமாகிவிடும். வடிகட்டியின் அடியிலிருந்து கிணற்றுக்குப் போகும் குழாய் சுவரைத் தாண்டி உள்நோக்கி நீண்டிருக்க வேண்டும். நீர் சுவரில் பட்டு வழிந்தால் உறைகளின் இணைப்பு அரித்துப்போகும்.

தொட்டிக்கு முன்னால் வெளியே திறக்கும் ஒரு வால்வை மறக்காதீர்கள். பருவத்தின் முதல் மழையிலும், நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் மழையிலும் அதைத் திறந்து, 100 சதுர மீட்டர் மாடிக்கு முதல் 200 லிட்டரையாவது செடிகளுக்கு விட்டுவிட வேண்டும். மாடி கழுவிய அழுக்கெல்லாம் அந்த முதல் நீரில்தான் வரும். குளியலறை நீரையும் துணி துவைத்த நீரையும் எக்காரணம் கொண்டும் இந்தக் குழாயில் இணைக்காதீர்கள். அவற்றுக்கு வாழையும் கல்வாழையும் நட்ட பாத்தி போதும்.

தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நல்ல சட்டம் அது. ஆயினும் அப்போது கட்டிய குழிகளில் நான் பார்த்தவை பல மண் அடைத்துக் கிடக்கின்றன. ஆண்டுதோறும் செப்டம்பரில் மாடியைப் பெருக்கி, மணலை வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்துப் போடுவது ஒரு நாள் வேலைதான். அதைச் செய்ய மனமில்லாதவர் வடிகட்டி கட்டிப் பயனில்லை.

மழைக்காலத்தில் கிருமி நீக்கத்துக்குப் பிளீச்சிங் பவுடர் போடலாம். கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14-ஆலும் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் நீரின் அளவு கனமீட்டரில் வரும்; ஒரு கனமீட்டர் என்பது 1,000 லிட்டர். விட்டம் 1.5 மீட்டர், நீர் 4 மீட்டர் என்றால் ஏறத்தாழ 7,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 18 கிராம் போதுமானது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, கயிற்று வாளியால் நன்கு கலக்குங்கள். இரவில் செய்துவிட்டால் காலையில் இறைக்கலாம். குடிப்பதற்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள். கிணற்றின் வாயை நெருக்கமான வலையால் மூடுங்கள். மலேரியா பரப்பும் கொசு சென்னைக் கிணறுகளில் முட்டையிடும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. அங்கே நல்ல நீர் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் அடியிலுள்ள உப்பு நீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலேறக்கூடும். எனவே மோட்டாரை ஒரே மூச்சாக ஓட்டாமல், இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக இறையுங்கள். மாதந்தோறும் ஒரே தேதியில், மோட்டார் போடுவதற்கு முன், விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை கயிற்றால் அளந்து, டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) காட்டும் எண்ணோடு சேர்த்து ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்றது. வேறு நீர் கிடைக்காத நிலையில் 2,000 வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. கோடையில் அந்த எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தால் இறைப்பதைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.