கோழிக்குஞ்சுப் பாடலை ஸ்பானிய மொழியில் பாடக் கற்பது எப்படி?

சிலி நாட்டு ஆசிரியர் இஸ்மாயேல் பார்ராகெஸ் 1907-இல் வெளியிட்ட குழந்தைப் பாடல் தொகுப்பில் இடம்பெற்ற ‘லோஸ் போயீத்தோஸ் தீசென்’ என்னும் கோழிக்குஞ்சுப் பாடல், ஸ்பானிய மொழி பேசும் அமெரிக்க நாடுகளில், இயற்றியவர் பெயரை அறியாதவர்களாலும் அன்போடு பாடப்பட்டு வருகிறது. இதைக் கற்க விரும்பும் தமிழர், ஆங்கில எழுத்தைப் பார்த்து ஆங்கில ஒலியில் படிப்பதை முதலில் கைவிட வேண்டும். நம் நாக்கு ஸ்பானிய மொழிக்கு அதைவிட நெருக்கமானது.

முதல் நான்கு அடிகளை இவ்வாறு வாசியுங்கள்: ‘லோஸ் போயீத்தோஸ் தீசென், பீயோ பீயோ பீயோ, குவாந்தோ தியேனென் ஆம்ப்ரே, குவாந்தோ தியேனென் ஃப்ரீயோ.’ பசிக்கும்போதும் குளிரும்போதும் குஞ்சுகள் கீச்சிடுகின்றன என்பது பொருள். நாம் ‘எனக்குப் பசிக்கிறது’ என்போம். ஸ்பானியர் பசியையும் குளிரையும் தம்மிடம் உள்ள பொருள்களைப்போலச் சொல்வதால்தான் ‘தியேனென்’ என்ற வினை இரண்டு முறை வருகிறது.

‘குவாந்தோ’வில் வரும் ‘ந்த’ ஒலி, ‘வந்தது’ என்னும் சொல்லில் நாம் ஒலிப்பதேதான். பின்னால் வரும் ‘கொமீதா’ (உணவு), ‘த்ரீகோ’ (கோதுமை) ஆகிய சொற்களில், ‘அது’, ‘அகம்’ என்பவற்றில் மெலிந்து ஒலிக்கும் தகரத்தையும் ககரத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். இரு உயிர்களுக்கு நடுவே மெலியும் இயல்பு அம்மொழிக்கும் உண்டு என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ‘போயீத்தோஸ்’ என்று இரட்டித்து எழுதியிருப்பது வல்லோசையைக் காட்டுவதற்கே. ‘பத்து’ என்பதுபோல அழுத்திப் பாடக் கூடாது.

அடிக்கு ஆறு அசைகள் என்பதே இப்பாடலின் நடை. ஆகவே ‘குவான்’, ‘தியே’ ஆகியவற்றை ஒவ்வோர் அசையாகவே கொள்ள வேண்டும். ‘தியேனென் ஆம்ப்ரே’ என்பதை நிறுத்தாமல் ‘தியேனெனாம்ப்ரே’ என்று புணர்த்திப் பாடுங்கள். மெய்யின்மேல் உயிர் ஏறுவது நமக்குப் புதிதன்று. ‘பீயோ’வில் அழுத்தம் ‘பீ’யில் விழ வேண்டும்.

கடினமான சொல் ஒன்றே ஒன்றுதான்: ‘ஆக்குர்ருக்கதீத்தோஸ்’. தாயின் இரண்டு சிறகுகளுக்கடியில் குஞ்சுகள் சுருண்டு ஒடுங்கியிருப்பதை, செல்லமாகக் குறுக்கும் விகுதியோடு சொல்லும் அச்சொல்லில், நுனிநாக்கை அதிரவிட்டு ‘ர்ரு’வை ஒலித்து, ‘தீ’யில் அழுத்தம் கொடுக்க வேண்டும். ‘கதீத்தோஸ்’ என்று கடைசியிலிருந்து தொடங்கி, ‘ர்ருக்கதீத்தோஸ்’ என்று முன்னோக்கிச் சேர்த்துப் பழகினால் விரைவில் வசப்படும்.

குழந்தையோடு பாடும்போது, ‘பீயோ’வுக்கு விரல்களைக் குவித்து அலகாக்குங்கள், ‘ஆம்ப்ரே’வுக்கு வயிற்றைத் தொட்டு, ‘ஃப்ரீயோ’வுக்குத் தோள்களைக் கட்டிக்கொள்ளுங்கள். தாய்க்கோழி மக்காச்சோளமும் கோதுமையும் தேடித் தந்து கதகதப்பும் அளிக்கும் நடு அடிகளைச் சற்று உரக்கப் பாடலாம். மறுநாள் வரை குஞ்சுகள் உறங்குகின்றன என்னும் இறுதி அடிகளில் குரலைப் படிப்படியாகத் தாழ்த்தி, கடைசி ‘போயீத்தோஸ்’ குழந்தையின் காதருகே முணுமுணுப்பாக முடியட்டும்.