போரில் கடல் கடந்து மறைந்த உறவினரின் கல்லறையைத் தேடுவது எப்படி? செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கான செய்முறை விளக்கம்

பர்மாவோடும் மலேயாவோடும் தொடர்பே இல்லாத ஊர் என்று செட்டிநாட்டில் ஒன்றைக் காட்டுவது கடினம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார், அவர்களது தொழிலிடங்களான கிட்டங்கிகளில் வேலை பார்த்தவர்கள், தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள், பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் எனப் பல சமூகத்தாரும் அங்கே இருந்த காலத்தில்தான் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. திரும்பி வராதவர்களுக்கு வீட்டில் ஆண்டுதோறும் படைப்பு நடக்கிறது. ஆனால் அவர் எங்கே அடங்கினார் என்று கேட்டால், "ரங்கூன் பக்கம்" என்பதற்கு மேல் பதில் கிடைப்பதில்லை. அந்தப் பதிலுக்கு அப்பால் ஓரடியாவது போக விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நம்மவர்களில் பெரும்பாலோருக்குத் தனிக் கல்லறை இருக்காது. இந்துப் படைவீரர்கள் பலரை எரியூட்டினார்கள். பலரது உடல் கிடைக்கவே இல்லை. ஆகவே நாம் தேட வேண்டியது ஒரு சுவரிலோ தூணிலோ பொறிக்கப்பட்ட பெயராகவும் இருக்கலாம்.

முதல் படி: வீட்டில் இருப்பதைத் திரட்டுதல்

இணையத்தைத் திறப்பதற்கு முன் பழைய பெட்டிகளையும் இரும்புப் பெட்டியையும் திறந்து பாருங்கள். இறப்பை அறிவித்த தந்தி, ஓய்வூதியத் தாள், பட்டாளத்திலிருந்து வந்த கடித உறை ஆகியவற்றில் உள்ள படை எண்தான் இந்தத் தேடலில் எல்லாவற்றையும்விட மதிப்பு மிக்கது. பெயரை எழுதுபவர் மாற்றி எழுதிவிடலாம், எண் பெரும்பாலும் மாறாது. பதக்கம் இருந்தால் அதன் முகப்பை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாமல் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும்.

அந்தப் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு வெண்கல நினைவுத் தகடும் வழங்கப்பட்டது. ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தகடு அது; நின்ற கோலத்தில் ஒரு பெண்ணுருவமும் அவள் முன்னே ஒரு சிங்கமும் இருக்க, ஒரு கட்டத்துக்குள் இறந்தவரின் பெயர் பதவி ஏதுமின்றிப் புடைப்பெழுத்தில் இருக்கும். பித்தளைப் பாத்திரங்களோடு கலந்து கிடந்தால் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் சாமான்களை விலைக்குப் போடுவதற்கு முன், அப்படி ஒன்று இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

தாள் எதுவும் இல்லாவிட்டாலும் திதி இருக்கும். தமிழ் ஆண்டும் மாதமும் தெரிந்தால் ஆங்கிலத் தேதியை நெருங்கிவிடலாம். சித்திரை முதல் பங்குனி வரை கணக்கிட்டால் விஷு 1941-42, சித்திரபானு 1942-43, சுபானு 1943-44, தாரண 1944-45, பார்த்திப 1945-46 ஆகும். "விஷு வருடம் மாசி" என்று ஆச்சி சொன்னால் அது 1942 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. சிங்கப்பூர் விழுந்த பிப்ரவரி 15ஆம் தேதியும், ரங்கூன் விழுந்த மார்ச் 8ஆம் தேதியும் அந்த ஒரே மாசிக்குள் அடங்கிவிடுகின்றன. தகவல் வந்து சேர்ந்த நாளையே இறந்த நாளாகக் கொண்ட குடும்பங்களும் உண்டு என்பதால், தேடும்போது முன்னும் பின்னும் சில மாதங்கள் இடம் விடுங்கள்.

இரண்டாம் படி: பெயரையும் ஊரையும் ஆங்கிலத்தில் பலவாறு எழுதிவைத்தல்

பட்டாளத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். கருப்பையாவில் 'பி' ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். ஆறுமுகத்தின் ககரம் 'ஜி' ஆகவும் 'கே' ஆகவும் வரும். பழனியப்பனின் ழகரத்துக்கு 'எல்' எழுத்தே மிகுதி. கடைசி 'ன்' காணாமல் போயிருக்கும், தலைப்பெழுத்தும் பெரும்பாலும் இருக்காது. இப்படி எத்தனை வடிவங்கள் தோன்றுகின்றனவோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஊரைப் பொறுத்தவரை, சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் உருவானது. அதற்கு முன் அப்பகுதி இராமநாதபுரத்தில் இருந்ததால் ஆவணத்தில் 'ராம்நாட்' என்றுதான் இருக்கும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம்.

மூன்றாம் படி: ஆணையத்தின் பட்டியலில் தேடுதல்

1917இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரின் விவரங்களைத் தன் இணையதளத்தில் கட்டணமின்றித் தருகிறது. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்த படையினரே அதில் அடங்குவர். முதலில் படை எண்ணை மட்டும் இட்டுத் தேடுங்கள். எண் தெரியாவிட்டால் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இடுங்கள். ஒற்றைப் பெயருள்ள நம்மவர்களை அங்கேதான் பதிந்திருக்கிறார்கள்.

அதிலும் கிடைக்காவிட்டால் பெயரையே விட்டுவிடுங்கள். இந்தியப் படை, எந்தப் போர், எந்தக் காலம் என்பவற்றை மட்டும் தேர்ந்து, வரும் பட்டியலைப் பதிவிறக்கி, கூடுதல் விவரப் பகுதியில் 'ராம்நாட்' என்ற சொல்லைத் தேடுங்கள். தந்தை பெயர், மனைவி பெயர், ஊர் ஆகியவை அங்கே இருந்தால் ஐயம் தீரும். பொழுது பிடிக்கும் வேலைதான். ஆனால் பெயர் சிதைந்து கிடக்கும் ஒருவரைக் கண்டுபிடிக்க நான் அறிந்த வழிகளில் இதுவே நம்பத்தக்கது.

நான்காம் படி: கிடைத்த பதிவைப் படித்தல்

பதிவில் மனை, வரிசை, எண் ஆகியவை இருந்தால் அவருக்குக் கல்லறை உண்டு. நினைவுச் சின்னத்தின் பெயரும் முகம் அல்லது தூண் எண்ணும் மட்டும் இருந்தால் அங்கே அவர் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பர்மாவில் இறந்தவர்களுக்கு முதன்மையான இடம் யாங்கோனுக்கு வடக்கே உள்ள தவுக்கியான் போர்க் கல்லறை. அங்குள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27 ஆயிரம் பேரின் பெயர்கள் உள்ளன. எரியூட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அதே வளாகத்தில் தனி நினைவுச் சின்னம் உண்டு. சிங்கப்பூரின் கிராஞ்சியிலும் 24 ஆயிரம் பேரின் பெயர் தாங்கிய சுவர்களும், எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கான சின்னமும் இருக்கின்றன. அந்த 800 பேரில் பெரும்பாலோர் பிரிக்கப்படாத இந்தியாவைச் சேர்ந்தவர்கள்.

ஐந்தாம் படி: படையில் இல்லாதவர்களைத் தேடுதல்

இந்தப் பகுதியில் பொறுமை கூடுதலாக வேண்டும். 1941 டிசம்பர் 23இல் ரங்கூன்மீது குண்டு விழத் தொடங்கிய பிறகு, அரக்கான் வழியாகவும் தாமு, இம்பால் வழியாகவும் நடந்தே புறப்பட்டு வழியில் இறந்தவர்களுக்குக் கல்லறைப் பதிவு என்று பொதுவாக ஏதுமில்லை. ஆணையத்தின் தளத்திலேயே குடிமக்களுக்கான பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, உடன் நடந்து ஊர் வந்து சேர்ந்தவர்கள் எழுதிய கடிதங்களையும், கிட்டங்கிக் கணக்கில் கடைசியாக அவர் பெயருக்குப் பற்று எழுதிய நாளையும் தேடுங்கள். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களை ஆணையத்தின் பட்டியலில் எதிர்பார்க்க வேண்டாம். அவர்களைப் பற்றிய கோப்புகள் புதுதில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

மலேயாத் தோட்டங்களிலிருந்து போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் நிலை இன்னும் வேதனையானது. காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் ஒழுங்காகப் பேணப்படும் கல்லறைகள் போர்க்கைதிகளுக்கு உரியவை; அங்கே தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்களைத் தேடிப் பயனில்லை. அந்தத் தமிழர்களுக்காகக் காஞ்சனபுரியில் 2023இல் ஒரு நடுகல் எழுப்பப்பட்டது.

ஆறாம் படி: படம் பெறுதலும் திருத்தம் கோருதலும்

மியான்மரில் இப்போதுள்ள நிலையில் பயணத்துக்கு அவசரப்பட வேண்டாம். 'ஃபைண்ட் எ கிரேவ்' தளத்தில் கல்லறையின் படத்தைக் கேட்டு வேண்டுகோள் விடலாம். அருகில் வசிக்கும் தன்னார்வலர்கள் எடுத்து அனுப்புவதுண்டு.

பெயர் பிழையாக இருந்தாலோ, படையில் இறந்தவர் பட்டியலிலேயே இல்லாவிட்டாலோ ஆணையத்துக்கு எழுதத் தயங்காதீர்கள். பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமான குறைந்தது 1,16,000 பேர் முதல் உலகப் போருக்குப் பின் பெயர் சொல்லி நினைவுகூரப்படாமல் விடப்பட்டனர் என்று 2021இல் வெளியான ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அன்று, உரிமை. கடிதத்தோடு தந்தி, ஓய்வூதியத் தாள் ஆகியவற்றின் நகலையும், பதக்க விளிம்பின் தெளிவான படத்தையும் இணையுங்கள். மூலத்தை ஒருபோதும் அனுப்ப வேண்டாம். படைப்பிரிவே தெரியாதவர்கள் சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் விசாரித்து, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியிலுள்ள வெலிங்டனுக்கும், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கும் எழுதி, அங்கிருந்து வரும் பதிலையும் அந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பலாம்.