தெற்கு ஆப்பிரிக்காவில் சொகுசு ரயில்: முதல் தடவை போகிறவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

விலங்கு பார்க்கலாம் என்று நினைத்து மட்டும் சொகுசு ரயிலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். நான் அப்படித்தான் எடுத்தேன். பிரிட்டோரியாவிலிருந்து கேப் டவுன் வரை ஜன்னலோரம் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்ததில் கிடைத்தது செம்மறியாடுகள், சில தீக்கோழிகள், தூரத்தில் ஒரு மான் கூட்டம், அவ்வளவுதான். பயணத்தில் குறை ஒன்றும் இல்லை, குறை என்னிடம்தான். பாதை எந்த ஊர் வழியாகப் போகிறது என்று பார்க்காமல், பளபளக்கும் மரப் பெட்டிகளின் படத்தைப் பார்த்துக் காசு கட்டிவிட்டேன். இரண்டாம் முறை போகும்போது ஓரளவு புத்தி வந்திருந்தது. அந்தப் புத்தியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எந்த ரயில் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரிய பெயர்கள் இரண்டு. ஒன்று ரோவோஸ் ரெயில். ரோஹன் வோஸ் என்பவர் 1989-இல் தொடங்கிய தனியார் நிறுவனம். பழைய பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள், பிரிட்டோரியாவில் கேபிடல் பார்க் என்று சொந்தமாக ஒரு ஸ்டேஷனே வைத்திருக்கிறார்கள். மற்றது ப்ளூ ட்ரெயின், அரசு நிறுவனத்தின் கையில் இருப்பது. அதன் வேர் 1923 வரை போகிறது, நீல நிற இரும்புப் பெட்டிகள் 1930-களின் கடைசியில் வந்தன, பெயரும் அந்த நிறத்திலிருந்து வந்ததுதான். ப்ளூ ட்ரெயின் ஓடும் பாதைகள் குறைவு. ரோவோஸ் ஜிம்பாப்வே, நமீபியா, தான்சானியா என்று எல்லை தாண்டியும் போகிறது.

ஓடாத ரயில் ஒன்றும் இருக்கிறது. க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் ஸ்குகூஸா பக்கத்தில் சேபி ஆற்றின் மேல் பழைய செலாட்டி பாலம், அதன் மீது நிரந்தரமாக நிறுத்தி வைத்த பெட்டிகளை ஹோட்டலாக மாற்றி 'க்ரூகர் ஷலாட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1920-களில் சுற்றுலா ரயில்கள் ராத்திரி நின்ற இடம் அது. கட்டிலில் இருந்தபடியே கீழே நீர்யானையும் முதலையும் பார்க்கலாம். ரயில் ஓட வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் விலங்குக்கு இதுவே நேர்வழி.

படி 2: பாதையைத் தேர்ந்தெடுங்கள் (இதில்தான் நேரம் செலவிட வேண்டும்)

புதிதாகப் போகிறவர்களுக்கு மூன்று பாதைகளைச் சொல்வேன்.

பிரிட்டோரியா–கேப் டவுன்: சுமார் 1,600 கி.மீ. இது நிலம் பார்க்கும் பாதை. கிம்பர்லியில் இறங்கினால் 1871-இலிருந்து 1914 வரை மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் மனிதர்கள் தோண்டிய வைரப் பள்ளத்தைப் பார்க்கலாம். அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும்போது வைரத்தைவிட, அதைத் தோண்டியவர்களின் முதுகு வலிதான் நினைவுக்கு வருகிறது. ஊருக்கு வடக்கே காம்ஃபர்ஸ் டேம் என்ற நீர்நிலை தண்டவாளத்தை ஒட்டியே இருக்கிறது. முதலில் தண்ணீரின் ஓரத்தில் யாரோ இளஞ்சிவப்புச் சாயம் கொட்டியது போல ஒரு கோடு தெரியும், ரயில் நெருங்க நெருங்க அந்தக் கோட்டுக்குக் கால் முளைக்கும். பூநாரைகள், ஆயிரக்கணக்கில். முதல் பயணத்தில் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே காட்சி இது, நான் அப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் கரூ பாலைநிலம், மைக்கீஸ்ஃபொன்டேன் என்ற குட்டி விக்டோரியா காலத்துக் கிராமம், 13.5 கி.மீ. நீளச் சுரங்கப்பாதை உள்ள ஹெக்ஸ் ஆற்றுப் பகுதி, கடைசியில் திராட்சைத் தோட்டங்கள்.

பிரிட்டோரியா–விக்டோரியா அருவி: காடும் விலங்கும் வேண்டுமென்றால் இது. ஜிம்பாப்வேயில் புலவாயோவைத் தாண்டியதும் ஹ்வாங்கே தேசியப் பூங்காவின் ஓரமாகத் தண்டவாளம் 114 கி.மீ. வளைவே இல்லாமல் போகிறது. பூங்காவுக்குப் பக்கத்தில் ரயில் விட்டார்கள் என்று நினைக்காதீர்கள், நடந்தது தலைகீழ். நிலக்கரிக்காகத்தான் தண்டவாளம் அந்தப் பக்கம் வந்தது, 1904-இல் அருவியைத் தொட்டது. பூங்கா பிறந்தது 1928-இல். வற்றாத ஆறு அங்கே கிடையாது, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீர் இறைத்துக் குட்டைகளை நிரப்புகிறார்கள். வறட்சிக் காலத்தில் யானைகள் அந்தக் குட்டைகளையே நம்பியிருக்கின்றன. விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து கடைசிப் பெட்டியின் திறந்த பால்கனிக்குப் போய்விடுங்கள். நான் போன அன்று குளிர் காதைக் கடித்தது, ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றேன், முக்கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை, பிறகு தேக்கு மரங்களுக்கு நடுவில் ஒரு யானை, முதுகு முழுக்கச் செம்மண், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிரிட்டோரியா–டர்பன்: குறைவாகப் பேசப்படும் பாதை. நமக்கு நெருக்கமானதும் இதுதான். கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

படி 3: மாதம்

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை மழை இல்லை, புல் காய்ந்துவிடும், விலங்குகள் தண்ணீருக்கு வந்தே ஆக வேண்டும், ஆகவே சஃபாரிக்கு அதுதான் சீசன். ஆனால் விக்டோரியா அருவியில் வெள்ளம் பொங்குவது மார்ச் முதல் மே வரை, அப்போதோ சாரலே திரை போட்டு அருவியை மறைத்துவிடும். அக்டோபர், நவம்பரில் போனால் அருவியின் ஜாம்பியா நாட்டுப் பக்கம் பல இடங்களில் வெறும் பாறைதான். இரண்டும் வேண்டும் என்றால் ஜூன் கடைசி அல்லது ஜூலை. காலையில் நல்ல குளிர் இருக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள், ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நான் எடுத்துப்போன பருத்திச் சட்டைகளைப் பார்த்து ரயில் ஊழியர் சிரித்தார்.

படி 4: அறை

தென்னாப்பிரிக்கத் தண்டவாளத்தின் அகலம் 1,067 மில்லிமீட்டர். நம் பழைய மீட்டர் கேஜைவிட ஆறு ஏழு சென்டிமீட்டர்தான் கூடுதல். ஆகவே எவ்வளவு காசு கொடுத்தாலும் பெட்டியின் அகலம் கூடாது, நீளம்தான் கூடும். ரோவோஸில் புல்மன் அறை சுமார் 7 சதுர மீட்டர், பகலில் சோஃபா ராத்திரியில் கட்டிலாகும். டீலக்ஸில் கட்டில் நிரந்தரம். ராயல் என்றால் பாதிப் பெட்டியே உங்களுக்கு, குளியல் தொட்டியோடு. எல்லாவற்றிலும் சொந்தக் குளியலறை உண்டு. என் கருத்து: புல்மன் போதும். பகல் முழுக்க லவுஞ்சிலும் பால்கனியிலும்தான் இருக்கப் போகிறீர்கள். மிச்சமாகும் பணத்தை சஃபாரியில் போடுங்கள்.

கட்டணம் ஒருவருக்கு லட்சங்களில்தான் வரும், அதில் ஒளிவுமறைவு இல்லை. சாப்பாடும் பெரும்பாலான பானங்களும் அதிலேயே அடக்கம். அறையைப் பகிர்ந்துகொள்ளும் இருவரில் ஒருவருக்கான தொகையைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள், தனியாகப் போனால் கூடுதல் கட்ட வேண்டியிருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள், முட்டை சாப்பிடுவீர்களா மாட்டீர்களா என்பதையும் சேர்த்து.

படி 5: விசா, ஊசி

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தென்னாப்பிரிக்க விசா முன்கூட்டியே வேண்டும். பாஸ்போர்ட்டில் குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்கட்டும். ஜிம்பாப்வே போய்விட்டுத் திரும்ப ஜோஹன்னஸ்பர்க் வருவதாக இருந்தால் பல முறை நுழையும் விசாவாகக் கேளுங்கள், ஒருமுறை விசாவோடு போய்விட்டு எல்லையில் முழிக்க வேண்டாம்.

ஹ்வாங்கே, விக்டோரியா அருவி, க்ரூகர் மூன்றும் மலேரியா பகுதிகள். கேப் டவுன் பாதையில் அந்தக் கவலை இல்லை. மாத்திரை எது என்று டாக்டரிடம் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் விஷயத்தில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்: நீங்கள் போகும் நாட்டை மட்டுமல்ல, நடுவில் விமானம் மாறும் ஊரையும் பார்ப்பார்கள். ஆடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் எடுத்தால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்க வாய்ப்பு உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

படி 6: முன்னும் பின்னும் ஒரு நாள்

இந்த ரயில்கள் வேகமாகப் போவதில்லை. ரோவோஸின் உச்ச வேகமே மணிக்கு 60 கி.மீ. அளவுதான். பயணிகள் தூங்க வேண்டும் என்று ராத்திரியில் ஏதாவது ஒரு பக்கத் தண்டவாளத்தில் நிறுத்தியும் வைப்பார்கள். இது போக, செம்புக் கம்பித் திருட்டு அங்கே பெரிய தலைவலி. கம்பியை வெட்டிக்கொண்டு போய்விட்டால் சிக்னல் போச்சு. என் முதல் பயணத்தில் ஐந்து மணி நேரம் தாமதம், அன்றிரவு பிடிக்க வேண்டிய விமானம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. இறங்கிய அன்றே விமானம் வைக்காதீர்கள். ஏறுவதற்கு முந்தைய நாளே பிரிட்டோரியா போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஜோஹன்னஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து கவ்ட்ரெயின் என்ற விரைவு ரயில் இருக்கிறது, வழியில் ஒருமுறை மாற வேண்டும், அவ்வளவுதான்.

படி 7: பெட்டி கட்டுவது

அறைக்குள் ஒரு சின்ன மெத்தென்ற பை போதும், பெரிய சூட்கேஸை அவர்களே வேறு பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் போட வேண்டும். பெண்கள் பட்டுப் புடவை ஒன்று எடுத்துக்கொண்டால் கவலை தீர்ந்தது, சாப்பாட்டுப் பெட்டியில் அதற்கு நிகராக எதுவும் நிற்காது. ரோவோஸில் வைஃபை கிடையாது, பொது இடங்களில் போன் எடுக்கக் கூடாது, பழகிக்கொள்ளுங்கள்.

பிளக் பற்றி ஒன்று. தென்னாப்பிரிக்காவின் மூன்று தடித்த உருண்டைக் கால் பிளக், நம் வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கும் 15 ஆம்பியர் பவர் பிளக்தான். அதில் நம் சின்ன பிளக் நுழையாது. விமான நிலையத்தில் விலை கொடுத்து அடாப்டர் வாங்காமல் தெருமுனை எலெக்ட்ரிக்கல் கடையிலேயே வாங்கிவிடுங்கள். ஜிம்பாப்வேக்கு அமெரிக்க டாலரைச் சின்னச் சின்ன நோட்டாக வைத்திருங்கள், சில்லறை கிடைக்காது.

படி 8: இறங்குங்கள்

விலங்கு ரயிலுக்கு வெளியில்தான். பயணத்தில் சேர்ந்தே வரும் சஃபாரிகளை எந்தக் காரணத்துக்காகவும் தவற விடாதீர்கள், அதோடு கடைசி ஊரில் இரண்டு நாள் சொந்தச் செலவில் தங்குங்கள். புலவாயோ பக்கம் தங்க முடிந்தால் மடோபோ குன்றுகளுக்குப் போங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தது போன்ற பாறைகள், அவற்றின் குகைகளில் சான் என்ற பழங்குடி மக்கள் வரைந்த ஓவியங்கள், வெளியே காண்டாமிருகங்கள். சிசில் ரோட்ஸின் கல்லறையும் அங்கேதான். கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை ரயில் விட ஆசைப்பட்ட ஆங்கிலேய ஆதிக்கவாதி அவர். விக்டோரியா அருவியின் சாரல் ரயில் பெட்டிகள் மேல் விழும்படி பாலம் கட்டச் சொல்லிவிட்டு, அருவியை ஒருமுறைகூடப் பார்க்காமலே 1902-இல் இறந்துபோனார். பாலம் 1905-இல் திறந்தது, ஸாம்பேசி ஆற்றுக்கு மேல் 128 மீட்டர் உயரத்தில். அருவிக்கு அந்த மண்ணின் பெயர் மோஸி-ஓ-துன்யா, முழங்கும் புகை என்று பொருள். பாலத்தில் நடந்து போனால் பெயர் வைத்தவர்களின் காது எவ்வளவு சரி என்று புரியும்.

டர்பன் பாதை பற்றி

நம்பிட்டி காப்பகத்தில் சஃபாரி, ஆங்கிலேயரும் போயர்களும் (டச்சு வழி வந்த குடியேறிகள்) மோதிய ஸ்பியோன்கோப் போர்க்களம் என்று இந்தப் பாதையில் நிறுத்தங்கள் வருகின்றன. ஆனால் நான் சொல்ல வருவது நிறுத்தம் இல்லாத ஊர்களைப் பற்றி.

வோல்க்ஸ்ரஸ்ட் என்ற பலகை வரும்போது சாப்பாட்டைப் பாதியில் விட்டாவது ஜன்னலுக்கு வாருங்கள். டிரான்ஸ்வால், நேட்டால் என்ற இரண்டு மாகாணங்களுக்கு நடுவிலிருந்த எல்லை ஊர் அது. 1913-இல் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டிய காந்தியின் சத்தியாகிரகிகளை அங்கேதான் பிடித்தார்கள். அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருத்தி ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை. மூன்று மாதக் கடுங்காவல், பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறை, காய்ச்சலோடு வெளியே வந்தாள், 1914 பிப்ரவரி 22-இல் இறந்தபோது வயது 16. அடுத்து வரும் நியூகாஸில் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்துதான் வேலை நிறுத்தம் செய்த இந்தியத் தொழிலாளர்கள் அந்த எல்லையை நோக்கி நடந்தார்கள். அவர்களில் நிறைய பேர் தமிழர்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து முதல் கூலிகளை டர்பனில் இறக்கிவிட்ட கதையின் தொடர்ச்சி இது. வெள்ளை மேஜைத் துணியும் வெள்ளிக் கரண்டியுமாக அந்த ஊர்களைக் கடக்கும்போது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டர்பனில் ஒரு நாள் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ சாப்பிட்டுவிட்டு, ஒரு காரைப் பிடித்து 80 கி.மீ. தள்ளி பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனுக்குப் போங்கள். 1893 ஜூன் 7 ராத்திரி, முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட இடம். பிளாட்பாரத்தில் பலகை இருக்கிறது. அவர் குளிரில் உட்கார்ந்திருந்த காத்திருப்பு அறையையும் பாருங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் டர்பன் திரும்பிவிடலாம்.