ஃப்ளோரைடு வடிகட்டி செய்யுமுன் காப்புரிமைகளைப் படிப்பது எப்படி?

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்துவிட்டது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர்தான் கதி. அந்தத் தண்ணீருக்கு வடிகட்டி செய்ய நினைப்பவர்கள் முதலில் காப்புரிமைகளைப் படிக்க வேண்டும். இவ்வளவு விவரமான செய்முறை இலவசமாகக் கிடைப்பது அரிது.

எஸ்பாஸ்நெட்டில் தொடங்குங்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தளம் அது, கட்டணம் கிடையாது. வெறும் சொல்லைப் போட்டுத் தேடினால் தேவையில்லாததெல்லாம் வந்து கொட்டும். காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் சிபிசி வகைப்பாட்டில் சி02எஃப் 2101/14 என்ற குறியீட்டை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். நீரில் உள்ள ஃப்ளோரின் சேர்மங்களுக்கான எண் அது. கூடவே முறைக்கான எண்ணையும், முன்னால் அதே சி02எஃப் போட்டு, சேருங்கள்: பரப்புகவர்ச்சிக்கு (ஒரு பொருளின் மேற்பரப்பில் ஃப்ளோரைடு ஒட்டிக்கொள்வது) 1/28, சவ்வு முறைக்கு 1/44, படிகாரம் போட்டுத் தெளிய வைப்பதற்கு 1/52, மின்சாரம் பாய்ச்சித் திரட்டுவதற்கு 1/463. ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு எத்தனை வந்திருக்கிறது என்று எக்செல்லில் போட்டால் போக்கு தெரியும்.

எண்ணும்போதுதான் பலர் தவறுகிறார்கள். ஒரே கண்டுபிடிப்பை ஐந்து நாடுகளில் பதிந்திருப்பார்கள்; அது ஒரு குடும்பம், ஒன்றாகவே எண்ண வேண்டும். விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். அதனால் வரைபடம் கடைசி ஒன்றரை ஆண்டில் சரியும். ஆர்வம் குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. சீனப் பதிவுகள் மலைபோல் வரும். அவற்றில் எண்ணுக்குப் பின்னால் ‘யு’ எழுத்து உள்ளவை பெரும்பாலும் கருவி அமைப்பில் சிறு மாற்றங்கள். தனியாக ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து, சோதித்த தண்ணீரில் தொடக்கத்தில் இருந்த ஃப்ளோரைடு அளவைப் பாருங்கள். லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் என்றிருந்தால் அது தொழிற்சாலைக் கழிவுநீர். அங்கே சுண்ணாம்பு போட்டாலே பெருமளவு குறைந்துவிடும். நமக்கு அது போதாது: சுண்ணாம்பு சேர்ந்து உண்டாகும் கால்சியம் ஃப்ளோரைடே கொஞ்சம் கரையும், தூய நீரில் லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் ஃப்ளோரைடு தங்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர வரம்போ 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5.

உரிமைக் கோரிக்கைகள் சட்டத்துக்கு. செய்முறை இருப்பது எடுத்துக்காட்டுப் பகுதியில். அதில் எந்தத் தண்ணீரில் சோதித்தார்கள் என்று தேடுங்கள். வாலை வடிநீரில் லிட்டருக்கு 2.21 மில்லிகிராம் சோடியம் ஃப்ளோரைடு கரைத்தால் 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு கிடைக்கும். பல சோதனைகள் இப்படிச் செய்த தண்ணீரில்தான் நடக்கின்றன. நம் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், பிஎச் 8 பக்கம் நிற்கலாம். ஆக்டிவேட்டட் அலுமினா (நுண்துளைகள் நிறைந்த அலுமினியம் ஆக்சைடு) ஃப்ளோரைடை நன்றாகப் பிடிப்பது பிஎச் 5 முதல் 6 வரை. அதற்கு மேல் போனால் பிடிமானம் வெகுவாகக் குறையும்.

ஆகவே சொந்தமாகச் சோதியுங்கள். ஐந்து பாட்டிலில் உங்கள் போர் தண்ணீர் ஒவ்வொரு லிட்டர். அதில் 1, 2, 4, 6, 8 கிராம் ஃப்ளோரைடைப் பிடிக்கும் பொருள். வேறு ஐந்து பாட்டிலில் அதே அளவு ஃப்ளோரைடு கரைத்த வடிநீர், அதே வரிசையில் பொருள். இரண்டு மணி நேரம் ஒரே வேகத்தில் குலுக்கி, வடிகட்டி அளந்தால், இரு வரிசைக்கும் உள்ள இடைவெளிதான் காப்புரிமை சொல்லாத உண்மை. அளக்க நிறம் மாறும் ஸ்பேட்ன்ஸ் கரைசலை நம்ப வேண்டாம்: கசிந்த அலுமினியம் அளவைக் குறைத்துக் காட்டி, வேலை செய்யாத வடிகட்டியையும் தேறவைத்துவிடும். டிசாப் (அலுமினியத்தின் பிடியிலிருந்து ஃப்ளோரைடை விடுவிக்கும் கரைசல்) கலந்து ஃப்ளோரைடு எலெக்ட்ரோடு வைத்து அளப்பதே சரி.

பிடித்த முறையை விற்பனைக்குச் செய்யலாமா? இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் தளத்தில் அதன் நிலையைப் பாருங்கள். வெளிநாட்டில் மட்டும் பதிந்தது இந்தியாவில் செய்து விற்பவரைக் கட்டுப்படுத்தாது. இங்கே பதிந்தது, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு செல்லும். புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியானதை உடனே தொடாதீர்கள். 18 மாதத்துக்குள் உரிமையாளர் மீட்டெடுக்க விண்ணப்பிக்கலாம்.

அலுமினாவைப் புதுப்பிக்கும் பகுதியையும் விடாமல் படியுங்கள். வழக்கமாக 1 சதவீத காஸ்டிக் சோடாவில் கழுவி, பிறகு நீர்த்த அமிலத்தால் சரிசெய்வார்கள். கழுவிய நீரில், அலுமினா பிடித்துவைத்த ஃப்ளோரைடில் பெரும்பகுதி செறிவாக இருக்கும். அதை எங்கே, எப்படி ஒதுக்குவது என்று சொல்லாத முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கிணற்றடியில் ஊற்றினால் அதே போருக்குத்தான் திரும்பி வரும்.