'சீரோ' என்று தொடங்கும் மருத்துவச் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

பரிசோதனைக் கூடத்தில் சிவப்பு மூடியோ மஞ்சள் மூடியோ போட்ட குழாயில் பிடிக்கப்படும் ரத்தம் உடனே கருவிக்குள் போவதில்லை. தாங்கியில் நிமிர்த்தி வைத்து, ஏறக்குறைய அரைமணி நேரம் அதை அசைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதற்குள் ரத்தம் உறைந்து கருஞ்சிவப்புக் கட்டியாகிவிடும். பிறகு அந்தக் குழாயைச் சுழற்சி இயந்திரத்தில் பத்து நிமிடம் சுற்றவிட்டு எடுத்தால், கட்டி அடியில் தங்க, மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு தெளிந்த நீர் நிற்கும். அந்த நீர்தான் சீரம். மருத்துவ அறிக்கைகளில் 'சீரோ' என்று தொடங்கும் சொற்கள் பெரும்பாலும் இந்த நீரிலிருந்து பிறந்தவை. ஆகவே அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இந்தக் குழாயின் தோற்றத்தை.

சீரம் என்பது இலத்தீன் சொல். பால் திரிந்து கட்டி ஒருபக்கம் ஒதுங்கியபின் பிரிந்து நிற்கும் தெளிநீருக்கு அந்த மொழியில் அதுவே பெயர். வீட்டில் பனீர் செய்யும்போது துணியில் கட்டித் தொங்கவிட்ட பாலிலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும் மங்கிய மஞ்சள் நீரைப் பார்த்தவர்களுக்கு, பழங்கால மருத்துவர்கள் ரத்தத்தின் தெளிநீருக்கு ஏன் இந்தப் பெயரை வைத்தார்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழில் ஊநீர், குருதித் தெளியம் என்ற இரண்டு பெயர்களும் புழங்குகின்றன. கட்டி கீழே நிற்க நீர் தெளிந்து மேலே வரும் காட்சியைச் சொல்லிலேயே வைத்திருப்பதால் எனக்குக் குருதித் தெளியம் என்பதே பிடித்திருக்கிறது. ஆனால் ஆய்வகத்திலும் மருத்துவமனையிலும் எல்லாரும் சொல்வது சீரம் என்பதால் இங்கும் அதையே எழுதுகிறேன். பிளாஸ்மாவும் இதுவும் ஒன்றல்ல. உறையாமல் தடுத்த ரத்தத்தின் நீர்ப்பகுதி பிளாஸ்மா. உறைவதற்கு உதவும் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் அதில் இருக்கும். உறைந்தபின் எஞ்சுகிற சீரத்தில் அந்தப் புரதம் செலவாகிப் போயிருக்கும்.

இனிச் சொற்களைப் பிரிக்கும் வழிக்கு வருவோம். முன்னொட்டுக்குப் பின்னால் மெய்யெழுத்தில் தொடங்கும் பகுதி வந்தால் 'சீரோ' என்று ஓகாரத்தோடு நிற்கும்: சீரோடைப், சீரோகன்வர்ஷன். உயிரெழுத்தில் தொடங்கும் பகுதி வந்தால் அந்த ஓகாரம் கெட்டு, 'ஓமா' என்ற விகுதியோடு சேர்ந்து சீரோமா ஆவதுபோல ஒட்டிக்கொள்ளும். நமது புணர்ச்சி இலக்கணம் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. நமக்கு உண்மையான தொல்லை ஒலியில்தான் இருக்கிறது. தமிழ் எழுத்தில் சகரம் பல ஒலிகளைச் சுமப்பதால், முற்றிலும் வேறு வேரிலிருந்து வந்த சொற்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைபோலத் தோன்றிவிடுகின்றன. வாய் உலர்ந்துபோவதைக் குறிக்கும் ஜீரோஸ்டோமியாவும், வைட்டமின் ஏ குறைவால் கண் வறண்டுபோகும் ஜீரோப்தால்மியாவும் 'உலர்ந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. செரிப்ரல் என்பது மூளையைச் சார்ந்தது. செர்விகல் என்பது கழுத்தையோ கருப்பைக் கழுத்தையோ சார்ந்தது. செரைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பட்டிலிருந்து பெயர் வந்தது. ஆகவே ஐயம் எழும்போதெல்லாம் அறிக்கையில் அச்சாகியிருக்கும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்துவிடுவதே பாதுகாப்பு. 'சீரோ பாசிட்டிவ்' என்று காதில் விழுவதைச் சுழியம் என்ற பொருளில் எடுத்துக்கொண்டு, 'பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை' என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேர் சீரம்தான் என்று உறுதியானபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தச் சொல் சீரத்தில் எதையோ தேடிப் பார்த்ததைச் சொல்கிறதா, அல்லது உடலுக்குள் சீரம்போலத் தெளிந்த ஒரு நீரைச் சொல்கிறதா? முதல் வகையே அறிக்கைகளில் அதிகம் வரும். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு அதிகத் துன்பம் தருவதும் அதுதான்.

தேடப்படுவது பெரும்பாலும் எதிர்ப்பொருள். கிருமியோ அதன் நஞ்சோ உடலுக்குள் வந்தால் அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்வதற்காக உடல் உண்டாக்கும் புரதம் அது. ரத்தம் உறைந்தபின்னும் சீரத்தில் அப்படியே மிதந்துகொண்டிருக்கும். 1890ஆம் ஆண்டில் பெர்லினில் எமில் பெஹ்ரிங்கும் ஜப்பானிய அறிஞர் கிட்டாசாட்டோ ஷிபாசபுரோவும், தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), ரணஜன்னி (டெட்டனஸ்) ஆகிய நோய்களின் நஞ்சுக்குப் பழக்கப்பட்ட விலங்கின் சீரத்தை வேறொரு விலங்குக்குச் செலுத்தினால் அந்தப் பாதுகாப்பும் உடன் போகிறது என்று காட்டினார்கள். இந்தச் சீர சிகிச்சைக்காக 1901ஆம் ஆண்டின் முதல் மருத்துவ நோபல் பரிசு பெஹ்ரிங்குக்குக் கிடைத்தது. குதிரைகளுக்கு நச்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்திலிருந்து மருந்து பிரித்தெடுக்கும் முறை அங்கிருந்து வளர்ந்ததே. பாம்புக்கடிக்கு இன்றும் நாம் போட்டுக்கொள்ளும் நஞ்சுமுறி மருந்து அந்த வழியில்தான் உருவாகிறது. அதற்கு வேண்டிய நஞ்சைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தருகிறார்கள்.

சீரத்தில் எதிர்ப்பொருளையும் அதைத் தூண்டும் ஆன்டிஜெனையும் தேடும் துறைக்குச் சீராலஜி என்று பெயர். சிலர் செரோலஜி என்றும் எழுதுவார்கள். நம் ஊர்களில் காய்ச்சல் நான்கு நாள் நீடித்தால் எழுதித் தரப்படும் வைடால் பரிசோதனை, 1896இல் ஃபெர்னாண்ட் வைடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் கொண்டுவந்த சீராலஜிப் பரிசோதனையே. நோயாளியின் சீரத்தோடு டைஃபாய்டு கிருமிக் கரைசலைக் கலந்தால், எதிர்ப்பொருள் இருக்கும்போது கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். டைஃபாய்டு பரவலாக உள்ள நம் நாட்டில் நலமாக இருப்பவரின் சீரத்திலும் பழைய எதிர்ப்பொருள் ஓரளவு இருக்கும் என்பதால், ஒரே ஒரு வைடால் முடிவை வைத்துக்கொண்டு டைஃபாய்டு என்று முடிவுகட்டுவது சரியல்ல. ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் இருமுறை எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே வலுவான சான்று. ரத்தத்தைக் கல்ச்சர் செய்து கிருமியையே வளர்த்துப் பார்ப்பது அதைவிட மேல்.

சீரோபாசிட்டிவ் என்றால் தேடியது சீரத்தில் கிடைத்தது என்று பொருள். சீரோநெகட்டிவ் என்றால் கிடைக்கவில்லை என்று பொருள். நோய் உண்டு, நோய் இல்லை என்பதை இந்தச் சொற்கள் தம்மளவில் சொல்வதில்லை. என் உறவுக்காரப் பெண்மணி ஒருவருக்குக் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் காபி குடிப்பார். அவருடைய அறிக்கையில் சீரோநெகட்டிவ் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்று எழுதியிருந்தது. 'நெகட்டிவ்' என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு, வாதநோய் இல்லை என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். யாரும் எடுத்துச் சொல்லாததால் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்திவைத்தார். அவருக்கு நோய் இருந்தது. ருமட்டாய்டு ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்ற இரு எதிர்ப்பொருள்களும் சீரத்தில் தென்படாத வகை அது, அவ்வளவுதான். மறுபடி மருந்து தொடங்கியபோது வலக்கையின் இரண்டு கணுக்கள் வீங்கித் தடித்திருந்தன. ஒரு முன்னொட்டை யாராவது அன்றைக்கே பிரித்துச் சொல்லியிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

மறுபுறத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். மஞ்சள்காமாலை பி வகைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் சீரத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருக்கும். அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கொள்கிறார்கள். அங்கே பாசிட்டிவ் என்பது நல்ல செய்தி. எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாக வந்திருக்கும்; பதினெட்டு மாதம் வரைக்கும் அது குழந்தையின் சீரத்தில் நிற்கக்கூடும் என்பதால், கைக்குழந்தைக்கு எதிர்ப்பொருள் பரிசோதனையை நம்பாமல் வைரஸின் மரபுப்பொருளையே தேடுகிறார்கள்.

சீரோகன்வர்ஷன் என்பது நெகட்டிவாக இருந்த சீரம் பாசிட்டிவாக மாறும் கட்டம். கிருமி நுழைந்த நாளுக்கும் இந்த மாற்றத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த நாட்களில் தொற்று இருந்தும் பரிசோதனை நெகட்டிவ் என்றே காட்டலாம். டெங்குவில் முதல் நாட்களில் என்எஸ்1 என்ற ஆன்டிஜெனைத் தேடிவிட்டு, ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பிறகு தொற்றின் தொடக்கத்தில் உண்டாகும் ஐஜிஎம் என்ற வகை எதிர்ப்பொருளைத் தேடுவது இதனால்தான். ஆகவே அறிக்கையைப் படிக்கும்போது முடிவைப் பார்ப்பதற்கு முன்னால் ரத்தம் எடுத்த தேதியைப் பார்த்து, காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து எண்ணிக்கொள்வது நல்ல பழக்கம்.

1986இல் சென்னையில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், அவர் மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளரிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சீரத்தைப் பிரித்தெடுத்து, வைக்க வேறு இடமில்லாமல் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்து, பிறகு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று பரிசோதித்தார். இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்பது முதன்முதலில் அந்தச் சீர மாதிரிகளில்தான் தெரியவந்தது.

தனி ஆளை விட்டு ஒரு மக்கள்தொகையையே எடுத்துக்கொண்டு, அதில் நூற்றுக்கு எத்தனை பேரின் சீரத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று கணக்கிடுவது சீரோபிரிவலன்ஸ். அதற்கான ஆய்வு சீரோ சர்வே. கொரோனா காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசிய ஆய்வுகளில், 2020 மே, ஜூன் மாதங்களில் வயதுவந்தோரிடம் 0.73 சதவீதமாக இருந்தது, 2021 ஜூன், ஜூலையில் ஆறு வயதுக்கு மேற்பட்டோரிடம் 67.6 சதவீதமானது. இந்த 67.6ஐ 'அத்தனை பேருக்கு இப்போது கொரோனா' என்று படித்துவிடக் கூடாது. தொற்று வந்துபோனவர்களும் தடுப்பூசி போட்டவர்களும் அந்த எண்ணுக்குள் சேர்ந்தே இருக்கிறார்கள்.

சீரோடைப் என்பது ஒரே இனக் கிருமிக்குள் எதிர்ப்பொருள்கள் பிரித்தறியும் உட்பிரிவு. டெங்கு வைரஸில் நான்கு உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு நீடித்த பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் வகைச் சொற்களில் எதிர்ப்பொருளுக்கு வேலையே இல்லை. அங்கே நீரின் தோற்றம்தான் பேச்சு. நுரையீரல், இதயம், குடல் ஆகியவற்றைப் போர்த்தியிருக்கும் மெல்லிய வழவழப்பான சவ்வு, உராய்வைத் தடுக்கத் தெளிந்த நீரைக் கசியவிடுவதால் அதற்குச் சீரோசா என்று பெயர். அது அழற்சியுற்றால் சீரோசைட்டிஸ். மார்பக அறுவைக்கோ குடலிறக்க அறுவைக்கோ பின் தோலடியில் தெளிநீர் தேங்கி மெத்தென்று புடைத்திருப்பது சீரோமா. பல நேரங்களில் அது தானே வற்றிவிடும், சில நேரங்களில் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். சிவந்து சூடாகிக் காய்ச்சலும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. வடிகுழாயில் இளஞ்சிவப்பாக, ரத்தம் கலந்த தெளிநீர் வந்தால் செவிலியர் குறிப்பில் சீரோசாங்குவினஸ் என்று எழுதுவார்கள். அறுவையான முதல் சில நாட்களில் அது எதிர்பார்க்கப்படுவதே.

இந்த வகையில் மிகுந்த அச்சம் தரும் சொல் சீரஸ். ஸ்கேன் அறிக்கையைப் படித்துக் காட்டும்போது அது 'சீரியஸ்' என்றே காதில் விழுகிறது. சூலகத்தில் வரும் சீரஸ் சிஸ்ட்அடினோமா புற்றுநோய் அல்லாத கட்டி. உள்ளே தெளிநீர் இருக்கிறது என்பதற்கு மேல் அந்த முதல் சொல் எதுவும் சொல்லவில்லை. சீரஸ் கார்சினோமா என்றால் புற்றுநோய்தான், ஆனால் அதைச் சொல்வது கார்சினோமா என்ற பின்பாதி. எனவே இப்படிப்பட்ட பெயர்களில் கண்ணை முன்னொட்டில் நிறுத்தாமல் கடைசிச் சொல்லுக்குக் கொண்டுபோக வேண்டும்.

செரோடோனின் மட்டும் எந்த வகையிலும் சரியாக அடங்காது. 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய மூவர் சீரத்திலிருந்து பிரித்தெடுத்த, ரத்தக் குழாய்களைச் சுருங்கவைக்கும் பொருள் என்பதால் அந்தப் பெயர் வந்தது. இன்று மனநிலையோடும் மூளையோடும் சேர்த்துப் பேசப்பட்டாலும், உடலில் உள்ள செரோடோனினில் பெரும்பகுதி குடலில்தான் உண்டாகிறது. முகத்துக்குத் தடவும் சீரம் பெயரை மட்டும் கடன் வாங்கியது. அதற்கும் ரத்தத்துக்கும் தொடர்பில்லை.

அறிக்கையில் கிரியேட்டினினுக்கு முன்னால் 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தும் புள்ளியும் இருந்தால், அது சீரத்தில் அளந்தது என்பதற்கான சுருக்கம். சீராலஜி அறிக்கை என்றால் மருத்துவரிடம் மூன்றைக் கேளுங்கள்: சீரத்தில் தேடியது எதிர்ப்பொருளா ஆன்டிஜெனா, எதிர்ப்பொருள் என்றால் அண்மைத் தொற்றைக் காட்டும் ஐஜிஎம்மா நெடுநாள் நிற்கும் ஐஜிஜியா, மறுபடி எப்போது ரத்தம் கொடுக்க வேண்டும். இரண்டாம் முறை கொடுக்கப் போகும்போது பழைய அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இயன்றவரை அதே ஆய்வகத்தில் கொடுத்தால் இரண்டு அளவுகளையும் ஒப்பிட முடியும்.